தெள்ளுப்பூச்சியின் விலாசம்

கேள்வி: ஆடி பிறந்ததிலிருந்து எங்கள் பூனை சொறிந்துகொண்டே இருக்கிறது. தெள்ளுப்பூச்சியா, வெறும் தோல் வறட்சியா என்று எப்படி அறிவது? கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லையே! (வாசகி, செக்டார் 4, ஆர்.கே.புரம், டெல்லி)

பதில்: கண்ணுக்குத் தென்படவில்லை என்பதனாலேயே இல்லையென்று தீர்மானித்துவிடாதீர்கள், அம்மணி. பூனையானது விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும் ஜீவனாதலால், தன்னைக் கடித்த பூச்சியைத் தானே விழுங்கிச் சாட்சியத்தை அழித்துவிடுகிறது. ஆனாலும் தடயம் மிஞ்சும். பேன் சீப்பு ஒன்றை எடுத்து, வாலின் அடியிலும் கழுத்தைச் சுற்றியும் தோலைத் தொடும்படி மெதுவாக வாருங்கள். சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் உதிர்த்துச் சற்றுப் பொறுத்திருங்கள். வெறும் தூசியாயின் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாயின் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறிப் படரும். அது உங்கள் பூனையின் ரத்தம். பூச்சி குடித்து, பாதி ஜீரணித்து, வெளியேற்றியது. அந்த நிறத்தைக் கண்டபின் சந்தேகத்துக்கு இடமில்லை. உயிரோடு ஏதேனும் சீப்பில் அகப்பட்டால், நகத்தால் நசுக்க முயலாமல் சோப்பு கரைத்த நீரில் தட்டிவிடுங்கள்.

கேள்வி: பூனையே வளர்க்காத வீட்டில் தெள்ளு கடிக்குமா? மாற்றலாகி வந்து, இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த குவார்ட்டர்ஸில் குடியேறிய முதல் நாளே எல்லோருக்கும் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. பக்கத்து வீட்டு அம்மா "பிஸ்ஸு" என்கிறார். (புதிதாகக் குடிவந்தவர், செக்டார் 8)

பதில்: பக்கத்து வீட்டு அம்மா சொல்வது சரிதான்; இந்தியில் பிஸ்ஸு என்பது தெள்ளுதான். தெள்ளுப்பூச்சியின் விலாசம் பூனை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்திலிருந்துதான் நம்முடைய தோல்விகள் அனைத்தும் தொடங்குகின்றன. வளர்ந்த பூச்சி பூனையின் மேல் வாசம் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகள் வரை இட, அவை ஒட்டிக்கொள்ளும் தன்மையற்றவையாதலால் பூனை நடக்கிற, படுக்கிற, குதிக்கிற இடங்களிலெல்லாம் உதிர்ந்து, ஜமுக்காளத்தின் இழைகளிலும், திவானின் அடியிலும், தரையின் வெடிப்புகளிலும் புழுவாகி, பிறகு கூடு கட்டிக்கொண்டு உறங்குகின்றன. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளை எல்லாப் பருவங்களையும் சேர்த்து எண்ணினால், பூனையின் மேல் இருப்பது நூற்றுக்கு ஐந்து அளவே. மீதி தொண்ணூற்றைந்தும் வீட்டில்தான்.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சி பொறுமையில் தபஸ்வி. தின்ன ஒருவரும் இல்லாத வீட்டில் மாதக் கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வையும், உடலின் வெப்பத்தையும், மூச்சில் வரும் கரியமில வாயுவையும் உணர்ந்த க்ஷணமே வெளிப்படும். உங்களுக்கு முன் இருந்தவர்கள் பூனை வளர்த்திருக்கலாம். அல்லது பூட்டிய வீட்டுப் பால்கனியில் தெருப்பூனை குட்டி போட்டிருக்கலாம். ஏறக்குறைய ஓரடி உயரம்தான் அதனால் எழும்ப முடியும் என்பதால் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டது. வாக்குவம் கிளீனர் இருந்தால் தினமும் மூலைமுடுக்கெல்லாம் இழுத்து, அதன் பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். அந்த அதிர்வே கூடுகளைத் திறக்கச் செய்யும். பூச்சிமருந்து அடிப்பவரை அழைத்தால், முட்டையும் புழுவும் மேற்கொண்டு வளராதபடி தடுக்கும் மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் கலந்த மருந்தைக் கேளுங்கள். கூட்டை எந்த மருந்தும் எளிதில் துளைக்காதாதலால், அடித்தபின்னும் சில வாரம் புதுப் பூச்சிகள் தென்படும். மருந்து பொய்த்துவிட்டதென்று மனம் தளர வேண்டாம்.

கேள்வி: டெல்லி வெயிலில் புல்கூடக் கருகிப்போகிறது. பூச்சி மட்டும் எப்படிப் பிழைக்கிறது? (வாசகர், செக்டார் 12)

பதில்: வெளியே பிழைப்பதில்லை. முப்பத்தைந்து டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும், ஐம்பது சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதமும் தெள்ளின் புழுக்களைக் கொன்றுவிடுமாதலால், ஜூன் மாதத்து லூ என்னும் அனல்காற்று நமக்குச் சத்துருவானாலும் இந்த ஒரு விஷயத்தில் பரம மித்திரன். ஆனால் ஜன்னலில் கூலரை மாட்டி, நாள் முழுவதும் ஈரக்காற்றை அறைக்குள் பாய்ச்சி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு அஞ்சும் அந்தப் புழுவுக்கு இருளையும் ஈரத்தையும் இதமான உஷ்ணத்தையும் ஒருங்கே நாமே சித்தப்படுத்திக் கொடுக்கிறோம். பிறகு மழை வந்து ஊர் முழுவதும் அந்த நிலையை அடையும்போது, ஜூலை முதல் தீபாவளி வரை உபத்திரவம் உச்சத்தில் நிற்கிறது. ஆகவே மருந்தை மழைக்குக் காத்திராமல் மே மாதமே தொடங்குங்கள். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை கொதிக்கக் காய்ந்த நீரில் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் விரியுங்கள். அந்த வெயிலுக்கு விலை கிடையாது.

கேள்வி: பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்கிறார்களே? (வாசகர், மோதி பாக்)

பதில்: குறுக்கே போகிற பூனை பாதி வழியில் நின்று சொறிகிறதா என்று மட்டும் பாருங்கள். சொறிந்தால், கெட்டுக்கொண்டிருப்பது அதன் காரியம்.

கேள்வி: வேப்பெண்ணெய், கற்பூரம், பூண்டு, அந்துருண்டை என்று கைவசம் இத்தனை இருக்க, விலை கொடுத்து மருந்து வாங்குவானேன் என்கிறார் என் மாமியார். (வாசகி, செக்டார் 7)

பதில்: உங்கள் மாமியாருடைய சிக்கனத்துக்கும் அனுபவத்துக்கும் என் வணக்கம், ஆனால் அவர் வைத்தியம் பார்த்துப் பழகிய தேகம் மனித தேகம். விஷங்களைக் கட்டி வெளியேற்றுவதற்கு நம் ஈரலில் தாராளமாயிருக்கும் ஓர் என்ஸைம் பூனையின் ஈரலில் மிகக் குறைவாதலால், நமக்கு ஔஷதமாவது அதற்கு நஞ்சாகிவிடுகிறது. நமது தலைவலிக்கான பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். கற்பூரமும், அந்துருண்டையும், யூகலிப்டஸ் தைலமும், பினாயிலும் தோல் வழியாகவோ நாக்கு வழியாகவோ உட்சென்று கேடு செய்யும். வேப்பெண்ணெயும் பத்திரமானதன்று. மேலே எதைத் தடவினாலும் அதைப் பூனை தின்றதாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் மாலைக்குள் நக்கி முடித்திருக்கும். மண்ணெண்ணெயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்க எண்ணியவர்களுக்கும் இதுவே பதில்.

மாமியாரிடம் பேன் சீப்பைக் கொடுங்கள். பேத்திகளின் தலையில் ஈரும் பேனும் பார்த்துத் தேர்ந்த விரல்களுக்கு இணையான பரிகாரம் மருந்துக் கடையில் கிடைக்காது. தினமும் பத்து நிமிஷம் அவர் வாரினால், மருந்து இடுவதற்கு வயது போதாத சிறு குட்டிகள்கூடப் பிழைக்கும். குட்டிகளின் ஈறு வெளுத்திருந்தால் மட்டும் சீப்பை நம்பியிராமல் அன்றே வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். பூச்சிகள் ரத்தம் குடித்தே குட்டியை மாய்த்துவிடக் கூடும்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மீதமிருக்கிறது. பாதி அளவாகப் பூனைக்கு விடலாமா? (வாசகர், செக்டார் 3)

பதில்: வேண்டாம். பாதி வேண்டாம், கால் வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். நாய்க்கான மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற இரசாயனம் உண்டு. நாய் அதைத் தாங்கும். பூனைக்கோ உடல் நடுக்கமும் வலிப்பும் கண்டு சில மணி நேரத்தில் பிராணாபத்து நேரும். இதைப் படிப்பதற்கு முன்பே யாரேனும் விட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பிலும் அந்த இடத்தைக் கழுவித் துணியில் சுற்றி, மருந்தின் அட்டைப்பெட்டியோடு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீடாயின், நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பூனைக்குரிய மருந்து எது, எப்படி விட வேண்டும், எத்தனை நாள்? (பலர்)

பதில்: ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், செலாமெக்டின் ஆகியவற்றுள் ஒன்று அடங்கிய, பூனைக்கென்றே அச்சிட்ட பெட்டியை, பூனையின் வயதையும் எடையையும் சொல்லி, வைத்தியர் யோசனைப்படி வாங்குங்கள். பூனையின் பிடரியில், தலையோட்டுக்குச் சற்றுக் கீழே, அதன் நாக்கு எட்டாத இடத்தில் ரோமத்தை இரு விரலால் வகிர்ந்து, வெண்ணிறத் தோல் தெரிந்தபின், தோலின்மேல் முழுவதையும் பிழியுங்கள்; ரோமத்தின்மேல் விட்டால் மருந்து வீண். முன்பின் இரண்டு நாள் குளிப்பாட்டலாகாது. காயும் வரை ஒன்றையொன்று நக்காதபடி பூனைகளைப் பிரித்து வையுங்கள். வீட்டிலுள்ள அத்தனை பிராணிகளுக்கும் ஒரே நாளில் விட்டு, மாதம் ஒருமுறையாகக் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் தொடருங்கள். முதல் மாதத்தோடு நிறுத்துகிறவர்களே அதிகம். சொறிவது நின்றது, தெள்ளு ஒழிந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூட்டுக்குள் இருப்பவை அவர்களுடைய முடிவை ஏற்றுக்கொள்வதில்லை.

கேள்வி: பிளேக் நோயைத் தெள்ளுதான் பரப்பியது என்று பாடத்தில் படித்தேன். எங்கள் பூனையால் எங்களுக்கு வருமா, மாமா? (மாணவன், ஆர்.கே.புரம் தமிழ்ப் பள்ளி)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அது காற்றால் வருகிறதா, மண்ணால் வருகிறதா என்று அறியாமல் உலகமே தடுமாறியது. பால் லூயி சிமோந் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 ஜூன் 2-ஆம் தேதி கராச்சியில், தாம் தங்கியிருந்த ஹோட்டலில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நோயுற்ற எலியை விட்டு, அதைத் தொட முடியாதபடி கம்பிக்கூண்டில் ஆரோக்கியமான எலி ஒன்றை மேலே தொங்கவிட்டார். பரிசோதனைக்குப் பூச்சி போதாதென்று எண்ணி, அந்த ஹோட்டல் பூனையின் மேலிருந்த தெள்ளுகளையும் பிடித்துச் சேர்த்தார்! சில நாளில் மேலிருந்த எலியும் பிளேக்கால் மாண்டது. பூச்சிதான் பாலம் என்பது அன்று வெளிப்பட்டும், அறிஞர் உலகம் அதை ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் சென்றன. நம் தேசத்தில் அந்நோயைப் பரப்பியதில் பிரதான குற்றவாளி எலித் தெள்ளே. உன் வீட்டுப் பூனையின் மேலிருப்பது வேறு இனம். ஆகவே அஞ்சாதே. ஆனால் பூனைத் தெள்ளின் எச்சம் நகத்தில் படிந்து, அந்த நகம் கீறினால், சிலருக்கு ஜுரமும் நெறிக்கட்டியும் வருவதுண்டு. தெள்ளை விழுங்கிய பூனையின் குடலில் நாடாப்புழு வளர்வதுமுண்டு. வாலின் அடியில் அரிசி அளவில் வெண்துணுக்குகள் ஒட்டியிருந்தால் அப்பாவிடம் சொல். பூனையோடு விளையாடியபின் கை கழுவு. கீறினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சொல், ஒளிக்காதே.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு? பூனையைச் சரோஜினி நகர் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார் என் கணவர். (வாசகி, செக்டார் 5)

பதில்: தீராது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஐந்தை மட்டும் வெளியேற்றினால், மிஞ்சியவை பூனை இல்லாத குறையை உங்கள் கணவரிடமே தீர்த்துக்கொள்ளும். இது பூச்சியின் சாஸ்திரம்.

சட்டமும் இருக்கிறது. வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி நிராதரவாக விடுவது, 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டம் பிறந்த கதை டெல்லியில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் பெருமையோடு நினைக்கத் தக்கது. கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபை அங்கத்தினராக இந்நகருக்கு வந்து, வாயில்லா ஜீவன்களுக்காக மசோதா கொணர்ந்து வாதாடினார். அரசாங்கமே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தபின் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதிமொழியின் விளைவே 1960-ஆம் வருஷத்துச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

உங்கள் கணவர் கெட்டவரல்லர். இரவெல்லாம் கடிபட்டு எரிச்சலில் பேசுகிறார். அவரிடம் வாதாடாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை திவானை அவரையே நகர்த்தச் சொல்லி, அடியில் பெருக்கச் செய்து, விரிப்புகளை மாடிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் பூனையின் பிடரியில் மருந்தைப் பிழியுங்கள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அதே தேதியில் இருவரும் இதையே செய்யுங்கள். வீட்டில் யாரையாவது வெளியேற்றியே தீர வேண்டுமென்றால், அழையாமல் வந்தவரை முதலில் அனுப்புவதுதானே நியாயம்?