பழங்காசு விற்போர் திணையியல்

பழங்காசு விற்கும் இடம் ஏழு. நடுவே ஐந்திணை, முன்னே கைக்கிளை, பின்னே பெருந்திணை. காதலுக்குச் சொன்ன இலக்கணம் காசுக்குப் பொருந்துமா என்று கேட்பவர், பல வருஷம் காத்த ஆல்பத்தை மேசைமேல் விரித்து, எதைக் கொடுப்பது என்று விழிக்கும் ஆளைப் பார்த்ததில்லை.

இந்நூலின் தலைவன் வேப்பம்பட்டுக்காரன். எத்திணைக்கும் அவனுக்கு வாயில் மின்சார ரயிலே.

கைக்கிளையாவது விற்பவனுக்கு மட்டும் ஆசை இருப்பது. 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போன 25 பைசா, 786 எண்ணுள்ள ரூபாய்த்தாள், வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் ஆகியவை இதன் கருப்பொருள். எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடப்பதற்கு யார் லட்சம் கொடுப்பார்?

பாலைக்கு நிலம் நகைக்கடை, பொழுது நண்பகல், தெய்வம் தராசு. 1862 முதல் 1939 வரையான வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.69 கிராம். போர்க்காலத்தில் அது பாதி வெள்ளியாக இறங்கி, 1947-இல் நிக்கலாகவே போயிற்று. நிக்கல் ரூபாயோடு பாலைக்குப் போகிறவன் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். தேய்ந்துபோன சாதா ரூபாய்க்கு இத்திணை நியாயமானதே, கூச்சப்பட வேண்டாம். ஆனால் 1911-ஆம் ஆண்டு ரூபாயை மட்டும் தராசில் வைக்கக்கூடாது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, வெளியிட்டதை அரசு திரும்பப் பெற்றது. தப்பிப் பிழைத்தவற்றைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. தராசுக்கு யானையும் பன்றியும் ஒன்று.

மருதம் வியாபாரியின் கடை, உரிப்பொருள் ஊடல். வேப்பம்பட்டில் ஏறியவன் சென்ட்ரலில் இறங்கும் புறநகர் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். 1900-இல் திறந்து 1985-இல் எரிந்துபோன சந்தை அங்கேதான் இருந்தது. பழம்புத்தகமும் பழம்பொருளும் அங்கே குவிந்து கிடந்தன. கடைக்காரர்களைப் பக்கத்து அல்லிக்குளத்துக்குப் பெயர்த்தார்கள். பேரம் மட்டும் பெயரவில்லை:

"சார், புளி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"அழுக்கா இருந்துச்சேன்னு…"

"அந்த அழுக்குக்குத்தான் சார் காசு."

வியாபாரி சொல்லும் விலை குறைவுதான். ஆனால் நல்லதோடு சொத்தையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, பணத்தைக் கையில் கொடுப்பவர் அவர் ஒருவரே. அவரைத் திட்டுவோர் தம் காசை வாங்க ஆள் வரும்வரை அலமாரியில் அடைகாத்துப் பார்க்கட்டும்.

குறிஞ்சி சங்கக் கூட்டம்: காசுக்கு மெட்ராஸ் காயின் சொசைட்டி, தபால்தலைக்கு 1956 முதல் இருக்கும் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம். இங்கே ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருப்பதால் புணர்தல் இயல்பாக நிகழும். விற்கப் போனவன் வாங்கிக்கொண்டு திரும்புவது இத்திணையின் மரபு. அண்ணாசாலைத் தபால் நிலையத்தின் தபால்தலைப் பிரிவை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அது விற்கும், வாங்காது.

முல்லை ஏலம். மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ். பொருளை அனுப்பிவிட்டு ஆற்றியிருத்தல் வேண்டும்: பட்டியல் அச்சாகி, ஏல நாள் வந்து, கமிஷன் கழிந்து, பணம் வரும்வரை. அரிய ஒற்றைக் காசுக்கே இது தகும், அதுவும் அதை விரும்பும் இருவர் ஒரே நாளில் முட்டிக்கொண்டால்.

நெய்தல், கடல் கடந்த வாங்குபவர். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விக்டோரியா ரூபாயோடு கரையில் நின்று இரங்கலாம்.

பெருந்திணை பொருந்தாக் காமம். "உங்கள் காசுக்குப் பத்து லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று ஃபோன் வரும். ரிசர்வ் வங்கி பெயரையே சொல்வார்கள். அந்த வங்கி 2021 ஆகஸ்டில், இத்தகைய வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று அறிவித்தது. விற்கிறவனிடமே பணம் கேட்கும் வாங்குபவன் எந்த இலக்கணத்துக்கும் அடங்கான்.

இனித் திணைமயக்கம். ஆல்பத்தை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போவதால்தான் பெரும்பாலோர் கெடுகிறார்கள். இடத்தைத் தேர்வது விற்பவனின் அவசரமன்று. அந்தக் காசு இல்லாமல் தவிப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதே. ஆகவே தலைவன் முதலில் சங்கக் கூட்டத்தில் நாலு பேரிடம் காட்டுக. அவர்கள் மௌனமாகி ஒருவரையொருவர் பார்த்தால் அந்தக் காசு ஏலத்துக்கு. "இது என்கிட்டயே ரெண்டு இருக்கு" என்றால் வியாபாரிக்கு. அவரும் உதட்டைப் பிதுக்கினால் வெள்ளி தராசுக்கு. 25 பைசாக்களைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடலாம், அவன் அம்மா சம்மதித்தால்.