பிரேசர் டவுன் முதல் சென்னை வரை: தூரமும் நேரமும்

பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 270 கி.மீ. உருண்டையான பூமியின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. பெருவட்டத் தூரம் என்பார்கள். கணக்கில் குற்றமில்லை. ஆனால் அது ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் உள்ள தூரம். பெங்களூர் பிரேசர் டவுனின் மாஸ்க் ரோட்டில் குடியிருப்பவரின் பயணத்தை அதைக் கொண்டு அளக்க முடியாது என்பதே என் வாதம்.

இதற்கு 2008 மே மாதமே சாட்சி. அதுவரை பயணிகள் விமானங்கள் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து பறந்தன, பிரேசர் டவுனிலிருந்து சுமார் 10 கி.மீ.தான். அம்மாதம் விமானச் சேவை தேவனஹள்ளிப் பக்கமுள்ள இன்றைய கெம்பேகௌடா நிலையத்துக்குப் போனது. சாலைத் தூரம் 30 கி.மீ. ஆயிற்று. அதே மாற்றத்தில் சென்னைக்கான வான்வழித் தூரம் ஏறக்குறைய 3 கி.மீ. குறைந்தது, ஏனென்றால் புதிய நிலையம் பழையதைவிடச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. வரைபடத்தில் சென்னை நெருங்கி வந்தது. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் விலகிப் போனது.

இனி நேரம். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வகுத்தால் இருபது நிமிடம் வரும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்தையொட்டிச் சொல்கிறது. இரண்டிலும் பொய் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிற்கும் கணம் வரை அட்டவணை கணக்கிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக மணிக்கு 460 கி.மீ. அளவோடு நிற்க வேண்டும். தேவனஹள்ளி ஓடுபாதைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சென்னை விமானமும் மேற்கு நோக்கி எழும்பி, பிறகுதான் கிழக்கே திரும்பும். இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பம். சுமார் 8,000 கி.மீ. தொலைவிலுள்ள லண்டனுக்குப் போகிறவர் தூரத்தை வேகத்தால் வகுத்தால் பதில் உண்மைக்குப் பக்கத்தில் வரும். சென்னைக்குப் போகிறவருக்கு வராது.

வாசலிலிருந்து கூட்டிப் பார்ப்போம். சாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆகவே காத்திருப்பு ஒன்றரை மணி. விமானம் ஒரு மணி. இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. நகருக்குள் போக முக்கால் மணி. ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது.

இனி ரயில். கன்டோன்மென்ட் ரயில் நிலையம் பிரேசர் டவுனுக்கு இரண்டு மூன்று கி.மீ.தான். சென்னையிலிருந்து அங்கே ரயில் வந்தது 1864இல். இன்று சதாப்தி ரயிலில் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம்.

ஆக, பயண நேரம் கேட்பவரிடம் முதலில் சென்னையில் எந்தப் பேட்டை என்று கேட்க வேண்டும். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரம், குரோம்பேட்டை என்றால் விமானமே முந்தும். சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள பெரியமேடு, புரசைவாக்கம் என்றால் கன்டோன்மென்டுக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்வேன்.