கும்பினியார் தோட்டமும் கூப்பிடாத கிழங்கும்

1796-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்கஸ் தீவுகளைப் பிடுங்கினார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் காய்க்கிற தீவுகள். பிடுங்கிய கையோடு கவலையும் பிடித்துக்கொண்டது: நாளைக்குச் சமாதானம் என்று சொல்லித் திருப்பிக் கேட்டால்? ஆகவே, காலி செய்கிற வாடகைவீட்டில் பல்பைக் கழற்றுகிற மாதிரி, கன்றுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். பயந்தது சரிதான், 1802-ல் ஒப்பந்தம் போட்டுத் தீவுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் குற்றால மலையிலும் தோட்டம் போட்டார்கள். இடத் தேர்வில் குறை சொல்ல முடியாது. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று, கூடவே சாரல், பக்கத்திலேயே அருவி. செடிக்கு நல்லது, செடியைப் பார்க்க வருகிற துரைக்கு அதைவிட நல்லது. சர்க்கார் செலவில் குற்றால சீசன் அனுபவிக்கும் கலைக்குப் பிள்ளையார்சுழி போட்டவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மரங்கள் வளர்ந்தன, காய்த்தன. ஆனால் மலையைவிட்டு இறங்கவில்லை. தென்காசிக்காரர் வீட்டுப் புறவாசலில் ஜாதிக்காய் மரம் நிற்கிறதா? இல்லை.

சிறுகிழங்கு கதை வேறு. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். கும்பினி கப்பல் அனுப்பவில்லை, எந்தத் துரையும் தோட்டம் போடவில்லை. வந்தது, சேனை, சேம்பு, பனங்கிழங்கு என்று உள்ளூர்ப் பெரியவர்கள் இருந்த பொங்கல் படையலில் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குக் கடையம், பாவூர்சத்திரம் பக்கம் போய், சிறுகிழங்கு ஆப்பிரிக்காக்காரர் என்று சொல்லிப் பாருங்கள். "என்ன அண்ணாச்சி, வெயில்ல வந்தீயளோ?" என்று மோர் கொடுப்பார்கள். சாக்கில் போட்டு அடித்துத் தோல் உரித்தாலும், மிச்சத்தைச் சுரண்டுகிறபோது கறை விரலில் ஏறிவிடும். பொங்கலன்று வீட்டில் யார் வேலை செய்தார், யார் டிவி பார்த்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மரவள்ளிக்கு மட்டும் ராஜ சிபாரிசு கிடைத்தது. பிரேசில்காரர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது, அரசரே அவித்துத் தின்று காட்டினார் என்பது கதை. பயத்திலும் நியாயம் உண்டு; சரியாக வேகாத மரவள்ளியில் சயனைடு இருக்கும். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர்ச் சீமை. ராஜா தின்று பிழைத்துவிட்டார் என்ற சேதிக்குக் கணவாய் தாண்ட எத்தனை நாள் ஆகும்? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரின் வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான்.

அதே யுத்தத்தில் பிரான்சின் வயிற்றை ரொப்பியது ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்கிற கிழங்கு. உருளைக்கிழங்கை ஜெர்மன்காரன் வாரிக்கொண்டு போக, மிஞ்சியது இது. இதில் உள்ள இனுலின் நம் குடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும். வெளியே குண்டுச் சத்தம் ஓய்ந்தாலும் உள்ளே ஓயாது. யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ரொம்ப காலத்துக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்தக் கிழங்கைத்தான் இப்போது வீட்டுத்தோட்டக்காரர்கள் தேடுகிறார்கள். வட அமெரிக்கச் சரக்கு. 1605-ல் கேப் காட் பழங்குடிகளின் தோட்டத்தில் ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுப் பயணி பார்த்திருக்கிறார். சூரியகாந்திக்குச் சொந்தம், ஆள் உயரம் தாண்டும், மஞ்சளாகப் பூக்கும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. தோண்டும்போது ஒரு துண்டு விட்டுப்போனாலும் மறுபடி முளைத்து வந்து நிற்கும்.

தாராளமாக வையுங்கள். ஆனால் தென்காசியில் குடியுரிமை வழங்குவது கவர்னர் அல்ல, அடுப்படி. முதல் நாள் கூட்டு வைப்பார்கள். ராத்திரி வீடு அமைதியாகத் தூங்கினால் அடுத்த பொங்கலுக்கு இலையில் இடம் உண்டு. பெருங்காயத்தை மட்டும் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.