பண்ணு மாமன்னர் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! திருக்கோவிலூர்ச் சீமையின் எல்கேஜி வகுப்புகளிலும் வீட்டு நடுக்கூடங்களிலும் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் ‘பண்ணு’ மாமன்னரின் பெருமையை எந்த நாவால் பாடுவேன்! பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கும் ஊர் இது. முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்குண்டு அந்தாதி பாடிய ஊர். இத்தனை தமிழ் பார்த்துச் சலித்த மண்ணுக்கு இளைப்பாறுதல் தர எழுந்தருளிய கருணையை என்னென்பது!

அவர் வருமுன் பச்சிளம் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வினைகளை 13 வகையாகப் பிரித்துக் காட்டியது. அத்தனையையும் பலகை தொடாத பருவத்திலேயே காதால் கேட்டுக் கேட்டுத் தேற வேண்டிய கொடுமை! மூன்று வயதுக் குறும்பன் கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டு, “நான் உடைக்கல ஆயா, அதுவா உடைஞ்சிருச்சு” என்பான். அடிக்குத் தப்ப ஒரே மூச்சில் பிறவினை, எதிர்மறை, தன்வினை, துணைவினை! ஓடு என்றால் தான் ஓடுவது, ஓட்டு என்றால் வண்டியை ஓட்டுவது. தூங்கினான் வேறு, தூங்கிட்டிருந்தான் வேறு. ஆயா கதை சொன்னால் ‘வந்தானாம்’ என்ற ‘ஆம்’ வேறு வந்து, கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியும் வீண் நுட்பத்தைப் பிஞ்சு மூளையில் திணிக்கும்.

மாமன்னர் ஒரே ஆணையில் அனைத்தையும் துடைத்தருளினார். ‘ஹேண்ட் வாஷ் பண்ணு, மம்மம் ஈட் பண்ணு, ஸ்லீப் பண்ணு.’ பண்ணு ஒன்றுக்கு விகுதி சேர்க்கத் தெரிந்தால் போதும், பிள்ளை கரையேறிவிடும்! டம்ளர் உடைந்தால் பட்டத்தரசி ‘ஆயிடுச்சு’ அம்மையார் விரைந்து வந்து ‘பிரேக் ஆயிடுச்சு’ என்று காத்தருள்வார். கழுவு, அலசு, துலக்கு, விளக்கு என்று பாத்திரத்துக்கும் பல்லுக்கும் துணிக்கும் தனித்தனி வினை வைத்திருந்த ஆடம்பரம் இன்று எங்கே? எல்லாம் வாஷ்! இதுவன்றோ சமதருமம்!

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. எல்கேஜி, யுகேஜி அதன் கைக்கு எட்டாத புண்ணிய பூமி. நாக்கு வளையும் அந்த ஆண்டுகளைத் தமிழ்த் தொல்லையின்றிக் காத்து, வளைந்து முடிந்தபின் பாடப்புத்தகத்தில் வினைத்திரிபை மனப்பாடம் செய்ய வைக்கும் நம் தாய்தந்தையரின் தொலைநோக்குக்கு ஈடு உண்டா?

பெற்றோர் பெருமக்களே, திருப்பணி முற்றுப்பெற ஒரே தடைதான் மிச்சம். திண்ணையில் ஆயா இன்னும் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து அவளை இன்றே ஸ்டாப் பண்ணுங்கள்.