மொய்க்கு மொய், அருமைக்கு அருமை

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தப் போனைச் சித்த கீழ வையி. வைக்க மாட்டியே! நேத்து ராத்திரி நீ மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கமலைக் கிணத்தைப் பத்தி ஏதோ எழுதிப் போட்டியாம். விடியிறதுக்குள்ள நாப்பத்திரெண்டு பேரு வந்து "அருமை"ன்னுட்டுப் போயிருக்கானுவளாம். ஒன் அப்பாயி காலையிலேருந்து தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா, என்னமோ நாப்பத்திரெண்டு மாடு கன்னு போட்ட மாதிரி.

எனக்கும் சந்தோசந்தான்டா. ஆனா நான் முப்பது வருசம் மொய் நோட்டு எழுதுனவன். எவன் எதை நீட்டுனாலும் இது பழைய பாக்கியா, புது மொய்யான்னு பிரிச்சுப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது. ஒன் நாப்பத்திரெண்டு அருமையையும் அப்புடித்தான் ஒரு தரம் நோட்டுல ஏத்திப் பாத்தேன்.

நம்ம பக்கத்துக் கணக்கு ஒனக்குத் தெரியும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துல ஆடி பொறந்தா மொய் விருந்து. கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. பணமுடைன்னா நாலஞ்சு பேராச் சேந்து பத்திரிகை அடிச்சு, செலவைப் பங்கு போட்டுக்கிட்டு, ஒரே பந்தல்ல ஆட்டுக்கறிச் சோறு போடுவோம். சாப்புட்டவன் கையைக் கழுவிட்டு மேசைக்கு வருவான். நான் பழைய நோட்டைப் பொரட்டுவேன். அஞ்சு வருசத்துக்கு முன்ன நீ அவனுக்கு ஆயிரம் வச்சிருந்தா அவன் ரெண்டாயிரம் வைப்பான். ஆயிரம் பழைய பாக்கி, ஆயிரம் புது மொய். சரியா அந்த ஆயிரத்தை மட்டும் எண்ணி வச்சான்னா, "நமக்குள்ள இதோட முடிஞ்சுது"ன்னு அர்த்தம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல.

ஒங்க வலைப்பதிவு எழுதுற கூட்டமும் இந்த நோட்டைத்தான் வச்சிருக்கு. என்ன, ஒங்களுது கறிச்சோறு இல்லாத பந்தல்.

நீ காலேசு படிக்கையில எழுத ஆரம்பிச்சப்ப பக்கத்துல உக்காந்து பாத்தவன்டா நான். எல்லார் பதிவையும் ஒரே எடத்துல காட்டுற தமிழ்மணத்துல ஒன் பதிவு ஏறுன மறு நிமிசம் ஒருத்தன் ஓடியாந்து "மீ த ஃபர்ஸ்ட்டு"ம்பான். அடுத்தாப்புல வந்தவன் "வட போச்சே"ன்னு அழுவான். பந்திக்கு முந்துறவனை எங்கூருலயும் பாத்திருக்கேன். முந்தி வந்து எடம் புடிச்சுட்டு, இலையில என்ன வச்சிருக்குன்னு பாக்காமயே எந்திரிச்சுப் போறவனை ஒன் பந்தியிலதான் பாத்தேன். மூணாமத்தவன் "தம 1"ன்னு எழுதிட்டுப் போனான். ஏன்டா தம்மு கட்டுறான்னு கேட்டேன். தமிழ்மணத்துல ஓட்டுப் போட்டுட்டேங்கிறதுக்கு ரசீதாம்! வச்சது அம்பது ரூவா, அதை மைக்குல ரெண்டு தரம் சொல்லச் சொல்றவன் எங்க நோட்டுலயும் உண்டு. அப்ப நெனைச்சுக்கிட்டேன், பய நம்ம சாதிசனத்துக்கிட்டதான் போயிச் சேந்திருக்கான்னு.

ஒன் பெரிய மாமன் செத்தப்ப நீ எழுதுனியே, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அதுக்குக் கீழ ஒருத்தன் "அருமை! தொடருங்கள்! பகிர்வுக்கு நன்றி"ன்னு எழுதியிருந்தான். எதைடா தொடரச் சொல்றான்? அடுத்தாப்புல நானா? அதுக்கு நீ "வருகைக்கும் கருத்துக்கும் நன்றி"ன்னு பதில் போட்ட பாரு, சாவு வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வந்தவனுக்கெல்லாம் பன்னீர் தெளிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்தத் தொடர்பதிவுக் கூத்தை எங்க போயிச் சொல்ல! எனக்குப் புடிச்ச பத்துப் பாட்டுன்னு ஒருத்தன் எழுதி, அஞ்சு பேரைக் கோத்து விட்டான். அந்த அஞ்சு பேரும் ஆளுக்கு அஞ்சு பேரைக் கோத்து விட்டானுவ. எங்க காலத்துல சாமி பேரைச் சொல்லித் தபாலட்டை வரும். இதைப் பத்துப் பேருக்கு எழுதிப் போடு, போட்டவனுக்குப் புதையல் கெடைச்சுது, கிழிச்சவன் கண்ணு போச்சுன்னு இருக்கும். ஒங்களுதுல கண்ணு போகாது, நட்பு போயிரும். அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்ட விருதும் அப்புடித்தானே? வாங்குனவன் அஞ்சு பேருக்குக் குடுக்கணும். எழுதத் தெரியாதவனுக்கும் விருது வந்துச்சு, படிக்கத் தெரியாத எனக்கு மட்டுந்தான் வரல.

மொறைக்காத. எனக்குப் படிக்கத் தெரியுமுங்கிறது இந்தக் கதைக்குப் பின்னால ஒதவும்.

இப்பக் கணக்குக்கு வாரேன். ஒன் நாப்பத்திரெண்டுல முப்பத்தி மூணு பழைய பாக்கி. போன வாரம் நீ எவன் எவன் வூட்டுல அருமை வச்சியோ, அவனுவ அதே அருமையைத் திருப்பி வச்சிட்டானுவ. ஒரு எழுத்துக் கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. எங்க நோட்டுப்படி பாத்தா முப்பத்தி மூணு பேரும் ஒங்கூடக் கணக்கை முடிச்சுக்கிட்டானுவ. அஞ்சு பேரு "அருமை, நம்ம தளத்துக்கும் வாங்க"ன்னு பத்திரிகை வச்சிட்டுப் போனவன். மிச்சம் நாலு. அந்த நாலு பேருதான் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கான். ஒருத்தி எங்க தாத்தா வூட்டுக் கெணத்துல இப்புடித்தான்னு நாலு வரி எழுதியிருக்கா. அது புது மொய். அதை மட்டும் தனியா முடிஞ்சு வையி.

நாப்பத்து மூணாவதா ஒண்ணு வந்துச்சு. அனானின்னு பேரு போட்டு, ஊரு பேரு இல்லாம. அதை நீ அழிச்சுப்புட்ட. எனக்கு எப்புடித் தெரியுமுன்னு முழிக்காத, வாரேன்.

நையாண்டி பண்றேன்னு கோவிச்சுக்காத ராசா. ஒங்க கூட்டத்துல நோட்டே போடாம மொய் வச்ச ஆளுங்களும் உண்டு. நீ எழுத வர்றதுக்கு முந்தி, கம்ப்யூட்டர்ல தமிழைத் தொறந்தா கட்டங் கட்டமாத் தெரியுமாம். ஒருத்தன் எழுத்து அடுத்தவன் மெசின்ல ஓடாதாம். முகுந்தராஜுன்னு ஒரு பிள்ளை தமிழ்ல தட்டுறதுக்கு ஒண்ணு செஞ்சு எ-கலப்பைன்னு பேரு வச்சு இனாமாக் குடுத்துச்சாம். கலப்பைன்னதும் நானே நிமுந்து உக்காந்தேன். ஈழத்துப் பிள்ளை ஒண்ணு, சுரதா யாழ்வாணன், பழைய எழுத்தைப் புது எழுத்தா மாத்திக் குடுக்குற பெட்டி செஞ்சு வச்சுது. 2004-ல காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைக் கட்டுனாரு. அங்கங்க தனித்தனியாக் குடிசை போட்டிருந்தவனையெல்லாம் ஒரே சந்தைக்குக் கொண்டாந்த வேலை அது. ஏத்தம் எறைக்கிறவன் எவன் வயலுக்குத் தண்ணி போகுதுன்னு பாத்துக்கிட்டா எறைக்கிறான்?

வலைச்சரமுன்னு ஒண்ணு காமிச்சியே, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. அப்ப அதுல வாரத்துக்கு ஒருத்தரை ஆசிரியரா உக்கார வைப்பாங்க. மொத நா தன் எழுத்தைப் பத்திப் பேசிக்கலாம். மிச்ச நாளெல்லாம் அடுத்தவன் எழுத்தைத்தான் தேடிப் படிச்சு அறிமுகம் பண்ணணும். மனுசனுக்குத் தற்பெருமைக்கு ஒரு நா, மத்தவன் பெருமைக்கு மிச்ச வாரம்! இந்தச் சட்டத்தை நம்ம ஊராட்சிக் கூட்டத்துக்குக் கொண்டாந்தா மேடை ஏறுறதுக்கு ஆளே கெடைக்காது.

2015-ல புதுக்கோட்டையில ஒங்க ஆளுவ திருவிழா கூட்டுனப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போன. ஒருத்தரை ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்புடல, பதிவுக்கு வச்ச பேரைச் சொல்லித்தான் கூப்புட்டானுவ. மொய் நோட்டுலயும் வெறும் பேரு எழுதுனா நூறு கருப்பையா வந்து நிப்பான், வூட்டுப் பேரு போட்டாத்தான் ஆளு வெளங்கும். வருசக்கணக்காப் பழகுனவன் மொகத்தை அன்னைக்குத்தான் மொத மொதப் பாத்து, கையைப் புடிச்சுக்கிட்டு விடாம நின்னானுவ. அதுல பொய்யி இல்லடா. நான் கையைப் பாத்தே ஆளைச் சொல்லுவேன்.

கசா புயல் அடிச்சப்ப அந்த நோட்டுல ஏத்தாத மொய்யை நேராவே பாத்தேன். 2018 நவம்பர் 16 விடியக்காலம். தென்னம்புள்ளையெல்லாம் லட்சக்கணக்குல சாஞ்சு கெடந்துச்சு. கரண்டு இல்ல, தண்ணி இல்ல. நீ எங்கயோ போயிப் போனுக்கு உசிரு ஏத்தியாந்து எட்டு வரி எழுதுன. மூணாம் நா தார்ப்பாயும் மெழுகுவத்தியும் வந்து எறங்குச்சு. அனுப்புனவன் ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. ஒன் பதிவுல "அருமை" வச்சவன் தானாடா இவனுவன்னு கேட்டேன். ரெண்டு பேரு பேரைத்தான் சொன்ன. மத்தவனெல்லாம் படிச்சுட்டுச் சத்தங்காட்டாமப் போறவன். அன்னைக்குத் தெரிஞ்சுது, மேசைக்கு வராதவனும் விருந்துக்கு வந்தவன்தான்னு.

இப்பக் கூட்டத்துல பலபேரு மூஞ்சிப் புத்தகத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒதுங்கிட்டானுவ. அங்க அருமைன்னு எழுதக் கூட வலிக்குது, கட்டை விரலைக் காட்டிட்டுப் போயிடுறானுவ. எங்க காலத்துல கட்டை விரலு கைநாட்டுக்குத்தான் ஒதவுச்சு. படிச்ச பிள்ளைங்க எல்லாம் திரும்பக் கைநாட்டுக்கே வந்து சேந்துட்டீங்க.

நான் சொல்றதை முடிஞ்சாக் கேளு. மொய் எப்பவும் சாப்புட்டுட்டுத்தான் வைக்கணும். படிக்காம அருமைங்கிறவன், பந்தலுக்குள்ள வராம வாசல்ல நின்னு காசை வீசுறவன். அது மரியாதை இல்ல. படிச்சுட்டா வாங்குனதை விட ஒரு ரூவா கூட்டி வையி. எந்த வரி புடிச்சுது, எந்த எடத்துல இடறுச்சு, அந்த ஒண்ணே ஒண்ணு போதும்.

இன்னொண்ணு. விருந்துல நான் பாக்க முடியாம மூஞ்சியத் திருப்பிக்கிட்ட காட்சி ஒண்ணு உண்டு. விருந்து வைக்கிறவனுக்கு ஆளுக்கொரு மேசையாப் போட்ட அஞ்சு மேசையில நாலுல கூட்டம் நெரியும். அஞ்சாவது மேசையில ஒருத்தன் நோட்டை விரிச்சு, பேனா மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு, வர்றவனையெல்லாம் நிமுந்து பாப்பான். ஒருத்தனும் வர மாட்டான். போன தரம் யாருக்கும் மொய் வைக்க அவங்கிட்ட வக்கு இருந்திருக்காது. எழுத்துலயும் அஞ்சாவது மேசை இருக்கு. அவன் ஒனக்கு அருமை வச்சவன் இல்ல, வைக்கவும் தெரியாது. ஆனா நல்லா எழுதியிருப்பான். வாரத்துக்கு ஒருத்தனையாவது தேடிப் போயிப் புது மொய் வையி. வச்சதை நோட்டுல எழுதிக்காத.

இப்ப அந்த அனானிக்கு வாரேன். கமலையில மாடு வட்டமாச் சுத்தி வருமுன்னு எழுதியிருந்த. நாப்பத்திரெண்டு பேருல ஒருத்தனும் அதைக் கண்டுக்கல. ஒருத்தன் மட்டும், "தம்பி, வட்டமாச் சுத்துறது செக்கு மாடு. கமலை மாடு சரிவான வாரியில எறங்கி நடந்து, பின்னாலயே ஏறி வரும். மாத்தி எழுது"ன்னான். நீ அவனை வயித்தெரிச்சல் புடிச்சவன்னுட்டு ஒரே தட்டுல அழிச்சுப்புட்ட.

பக்கத்து வூட்டுப் பயகிட்டப் போனைக் கடன் வாங்கி, மூக்குக் கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சு, ஒத்தை வெரலால நாப்பது நிமிசம் குத்துனேன்டா அதை. நீ வாங்குனதுலயே பெரிய மொய் அதுதான். திருப்பி வைக்க வேணாம், அந்த மாட்டை மட்டும் செக்குலேருந்து அவுத்து வுடு.