மிஸ்டுகால் அப்பனுங்களுக்கு ஒரு பெருசு சொல்றது

நைனா, நேத்து ராத்திரி டீக்கடை பெஞ்சுல குந்திக்கினு உன் பொண்ணாண்ட நீ போன்ல பேசினத்த நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன்னு கோச்சுக்காதே, நீ போட்ட சத்தம் எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். "சாப்ட்டியா? ஹோம் ஒர்க் முடிச்சியா? சரி, அம்மாகிட்ட குடு." முடிஞ்சுபோச்சு. ரேஷன் கார்டு செக் பண்ண வர்ற ஆபீசரே இத்தவிட நாலு கேள்வி கூட கேட்டுட்டுப் போவாரு. அதுக்கப்புறம் போனை வெச்சுட்டு, முக்கா மணி நேரம் ரீல்ஸ் பார்த்து சிரிச்சே பாரு, அந்த நேரம் யாரு அப்பன் வூட்டு நேரம்?

உன் பொழப்பு எனக்குத் தெரியாம இல்ல. மணலியில அப்பன்காரன் வூட்ல இருந்தாலே அன்னிக்குப் பண்டிகைதான். நீ டிரெய்லரை வரிசையில உட்டா, ஹார்பர் கேட்டு உன்னை எப்போ கூப்பிடும்னு ஆண்டவனுக்கே தெரியாது. பக்கத்து வூட்டுக்காரன் பிளான்ட்ல கான்ட்ராக்ட். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அவன் வந்து படுக்கிறப்போ புள்ள ஸ்கூலுக்குக் கெளம்பிடும். எதிர் வூட்டுக்காரன் ஷட்டவுன் வேலைன்னு ஊர் ஊரா போறான். காசிமேட்டுல கடலுக்குப் போனவன் எப்போ கரைக்கு வருவான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. துபாய்க்காரன், கப்பல்காரன் எல்லாம் தனிக் கணக்கு. இன்னும் ஒரு ரகம் இருக்கான். வூட்லயே தான் இருப்பான், குடித்தனம் மட்டும் செல்போனுக்குள்ள. அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கிழவன் பேசறேன்.

எம்.ஆர்.எல். எண்ணெய் பிளான்ட் 1969ல ஓட ஆரம்பிச்சப்போ நான் அரை டவுசர். இப்ப அதுக்கு சிபிசிஎல்னு பேரு, எங்க வாயில இன்னும் எம்.ஆர்.எல்.தான். அதுக்கு முன்ன இந்தப் பக்கம் நெல்லு வெளஞ்சுது. பொழுது சாஞ்சா திண்ணையில ஒருத்தர் பாரதம் படிப்பாரு, இன்னொருத்தர் அர்த்தம் சொல்லுவாரு. எழுத்து தெரியாத கெழவி, "அப்புறம் பாஞ்சாலி இன்னா சொன்னா?"ன்னு அதட்டுவா. படிக்கிறதுன்னா அப்போ தனியா மூலையில குந்திக்கினு பண்ற வேலை இல்ல. கூட்டமா பண்றது. கதைக்குக் காசு குடுத்த ஊரு நைனா இது. சீர்காழி அருணாசலக் கவிராயரோட ராம நாடகத்தை ஆதரிச்சவரு மணலி முத்துகிருஷ்ண முதலியார். வெள்ளைக்கார கவர்னர் பிகட்டுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவரா இருந்த பெரிய கை. அந்த ஊர்ல பொறந்த நீ பொண்ணுக்கு ஒரு நரிக்கதை சொல்ல வக்கில்லாம ஜகா வாங்கறே.

வள்ளலாரைத் தெரியுமில்ல? திருவொற்றியூருக்கு நடந்தே வந்து தியாகராஜ சாமியைப் பாடினவரு. 1823ல பொறந்தாரு, சில மாசத்துலயே அப்பா போய்ட்டாரு. அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கி. அவர் பக்கத்துல குந்தி ஏடு படிக்கிறது தம்பி வேலை. ஒருநாள் அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, தம்பியை அனுப்பிச்சாரு. போன பையன் சபையையே வாயடைக்க வெச்சான். அதுக்காக உன் பொண்ணு வள்ளலாரா வருவான்னு நான் பீலா உடல. அப்பன் இல்லாத புள்ளைக்கும் பக்கத்துல குந்தி படிக்க ஒரு ஆளு கெடச்சுது, அத்த கவனி. உன் பொண்ணுக்கு அப்பன் இருக்கான், ஆளைத்தான் காணோம்.

இப்போ நீ சாக்கு சொல்லுவே. ஒவ்வொண்ணா எடுத்து வையி, பார்ப்போம்.

நேரமில்லன்றியா? ரீல்ஸ் விஷயம் சொல்லிட்டேன், திரும்பச் சொன்னா அசிங்கம்.

எனக்கே சரியா படிக்க வராதுன்றியா? சபாஷ், இதவிட நல்ல தகுதி வேறில்ல. "அப்பாவுக்கு இந்த எழுத்து புரியல கண்ணு, நீ படிச்சுச் சொல்லு"ன்னு கேளு. பரீட்சை வெக்கிறதுக்கு ஸ்கூல்ல ஆளு இருக்கு. கேட்டுக்கினு வாயப் பொளக்க ஒரு ஆளு இல்லாமத்தான் புள்ள தவிக்குது. அது தப்பா படிச்சா உடனே "ஏய், அது லகரம் இல்ல, ளகரம்"னு பாயாதே. லாரி மொதலாளி பில்லு பார்க்கிற கண்ணோட புள்ள படிக்கிறத்தப் பார்த்தா, அது புக்கை மூடிட்டு உன் மாதிரியே போனை எடுத்துக்கும்.

அ, ஆவே தெரியாத மூணு வயசுப் புள்ளைக்கு இன்னாத்த படிக்கிறதுன்றியா? படம் இருக்குல்ல, படத்தப் பார்த்து உடு கதையை. நீ கிருஷ்ணகிரி டோல்கேட்டுல பார்த்த கொரங்கை அதுல நொழைச்சு உடு. யாரு கேஸ் போடப் போறா?

இங்கிலீஷ் மீடியம்ன்றியா? ஆமாம்பா, வூட்ல நீ துரை பாஷையிலதான கருவாட்டுக் கொழம்பு கேட்கிறே! புள்ள எந்த பாஷையில அழுவுதோ அந்த பாஷையில மொதல்ல கதை கேக்கட்டும். இங்கிலீஷ் பின்னாலயே வரும்.

ஸ்கூல் எதுக்கு இருக்குதுன்றியா? ஸ்கூல் அதோட வேலையைச் செஞ்சுக்கினுதான் இருக்கு. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடி புள்ளைங்க எழுத்தை மறந்தப்போ, 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு ஆரம்பிச்சாங்க. சாயந்தரம் தெருவுலயே புள்ளைங்களைக் கூட்டி ஒன்றரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க, சொல்லிக் குடுத்தவங்க முக்காவாசி நம்ம தெருப் பொண்ணுங்கதான். கவர்மென்ட்டே இல்லம் தேடி வந்துட்டுது, இல்லத்துக்காரன் எப்போடா தேடி வருவே? 2023ல வாசிப்பு இயக்கம்னு குட்டிக் குட்டிக் கதைப் புத்தகம் ஸ்கூலுக்கு வந்துது. அதுல நாலு படி வெச்சிருக்கான்: நுழை, நட, ஓடு, பற. உன் பொண்ணு பறக்கத் தயாரா இருக்கு. நீ ஹார்பர் கேட்டு மாதிரியே இங்கயும் "நுழை"யிலயே நிக்கிறே.

புக்குக்கு எங்க போறதுன்னு மட்டும் கேட்காதே, எனக்குக் கோவம் வரும். வருஷா வருஷம் சொத்து வரியில நூலக வரின்னு ரூபாய்க்கு 10 காசு போவுது. வாடகைக்கு இருந்தா வூட்டுக்காரன் உன் தலையில கட்டியிருப்பான். 1948லயே நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. காசும் குடுத்துட்டு வாசப்படியும் மிதிக்காத ஏமாளியை எங்கனா பார்த்திருக்கியா? கண்ணாடியில பாரு. போன்லயே வேணும்னா பிரதம் புக்ஸ்காரங்க 2015லேர்ந்து ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைங்களைச் சும்மாவே போட்டு வெச்சிருக்காங்க. ரீல்ஸ் எறங்குற அதே நெட்டுலதான் அதுவும் எறங்கும்.

சரி, வழி கேளு. ஒரே புக்குல ரெண்டு வாங்கு. ஒரு பிரியாணி காசுக்கு மெல்லிசா ரெண்டு கெடைக்கும். ஒண்ணு வூட்ல, ஒண்ணு உன் கேபின்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல. ராத்திரி எட்டு மணிக்கு வண்டி நிக்குதுன்னா போன் போடு. பொண்ணு கையில அந்த புக்கு, உன் கையில இந்த புக்கு. நீ ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். நடுவுல நிறுத்தி, "இப்போ அந்த ஆமை இன்னா பண்ணும்?"னு கேளு. பத்து நிமிஷம் போதும். வண்டி ஓடும்போது மட்டும் இந்த வேலை வேணாம். கதை கேக்கப் பொண்ணு இருக்கணும்னா கதை சொல்ல நீ இருக்கணும்.

வூட்ல இருக்கிறது பட்டன் போன்னாலும் பாதகமில்ல, குரல் போனா சரி. பிளான்ட்டுக்குள்ள செல்போன் எடுத்துப்போக உடமாட்டான், கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவான். அங்க வேலை செய்யறவன் ஷிஃப்ட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே கதையைப் படிச்சு வீட்டம்மா போன்ல பதிஞ்சு வெச்சுட்டுப் போவட்டும். அவன் உள்ள வால்வு திருகிக்கினு இருக்கும்போது இங்க அவன் குரல் புள்ளையைத் தூங்க வெக்கும். ஒரே கதையை முப்பது வாட்டி கேக்கும், சலிச்சுக்காதே. நீயும் ஒரே படிக்காதவன் பட டயலாக்கை எத்தினி வாட்டி கேட்டே?

இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. அமெரிக்காவுல ஒரு அம்மா, பேரு பெட்டி மோலன்ப்ராக். வியட்நாம் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த புருஷனை சொந்தப் பொண்ணுக்கே அடையாளம் தெரியல. அந்தம்மா 1989ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. கப்பற்படை சிப்பாயிங்க கதை படிக்கிறத்தப் படம் புடிச்சு வூட்டுக்கு அனுப்புறது அவங்க வேலை. இங்கிலாந்துல டார்ட்மூர் ஜெயில்ல இதே வேலை கைதிங்களுக்கு நடந்துது, "கதைப்புத்தக அப்பாக்கள்"னு பேரு வெச்சாங்க. நேரு மாமாவும் ஜெயில்ல குந்திக்கினுதான், 1930லேர்ந்து 33 வரைக்கும், பொண்ணுக்கு உலக வரலாறையே கடுதாசியா எழுதித் தள்ளினாரு. மொத்தம் 196. உன்னை உலக வரலாறு எழுதச் சொல்லல. ஒரு ஆமை, ஒரு முயல்.

வீட்டம்மாகூட சண்டை போட்டுக்கினு தனியா இருக்கிறவன் ஒருத்தன் இந்தப் பெஞ்சுலயே குந்தியிருக்கான், பேர் சொல்ல மாட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கினான் பாரு, அவன்தான். தம்பி, ஜீவனாம்சத்துக்கு கோர்ட்டு தேதி குடுக்கும், கதைக்கு யாரும் தேதி குடுக்கத் தேவையில்ல. அவங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம கதையை மட்டும் படி. அந்தப் பத்து நிமிஷத்துல வக்கீல் பீஸ் இல்ல.

கடைசியா ஒரு திருட்டுத்தனம் சொல்லித் தரேன். ஒரு மாசம் இப்டிப் படிச்சப்புறம், ஒருநாள் வேணும்னே ஒரு பக்கத்தைத் தாண்டிப் படி. தூக்கம் வர்ற மாதிரி குரலை இழுத்து, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி. அந்தப் பக்கத்துலேர்ந்து, "அப்பா! நடுவுல ஒரு பக்கம் உட்டுட்ட! டபாய்க்கிறியா?"ன்னு திட்டு வரும். வாங்கிக்கினு, "எங்க, அப்பாவுக்கு அந்தப் பக்கத்தை நீயே படிச்சுக் காட்டு"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கினு கேளு.