நாமக்கல்லில் கோடி, நெல்லூரில் கோழி

கே: தீவனச் சோளம் ஏற்ற ஆந்திரா போனால், அங்கே கோழியைக் 'கோடி' என்கிறார்களே? (மோகனூர் வாசகர்)

ப: நாமக்கல் பண்ணைகளில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் முட்டை விழுகிறது. அதற்காகவே அந்தப் பெயரைக் கோழிக்குக் கொடுக்கலாம்! ஆனால் காரணம் வேறு. நம் ழகரம் தெலுங்கில் பல சொற்களில் டகரமாகிவிடும். கோழி கோடி ஆனது அப்படித்தான். ஏழு 'ஏடு' ஆனதும் அப்படித்தான். அவர்கள் எண்ணைச் சொன்னால் நம் காதில் ஓலைச்சுவடி விழும். கன்னடத்தில் கோழி 'கோளி'. அங்கே கோடி என்றால் ஏரி நிரம்பி வழியும் இடம். நம் வடமாவட்டங்களிலும் "ஏரி கோடி போகுது" என்பார்கள். எண்ணுக்கான கோடியோ வடமொழிச் சொல். கோழி, ஏரி, எண் மூன்றும் எங்கெங்கிருந்தோ வந்து ஒரே எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதைவிட அழகான சந்திப்பு மொழிகளுக்குள் எனக்குத் தெரிந்து குறைவு.

கே: தெலுங்கு நண்பரைப் பந்திக்குக் கூப்பிடலாமா? (ராசிபுரம் வாசகர்)

ப: தாராளமாக. இலையைக் காட்டிக் கூப்பிடுங்கள். தெலுங்கில் 'பந்தி' என்றால் பன்றி.

கே: விஜயவாடாவில் கூடுதல் லோடு உண்டா என்று கேட்டேன். "அவசரம் லேது" என்றார்கள். சரி, அவசரம் இல்லையாம் என்று வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தேன். ஏன் யாருமே வரவில்லை? (சங்ககிரி லாரி ஓட்டுநர்)

ப: அவர்கள் "தேவையில்லை" என்று உங்களை அனுப்பிவிட்டார்கள், அண்ணே! தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. இந்தியில் 'அவசர்' என்றாலும் வாய்ப்புதான். கன்னடத்தில் மட்டும் நம்மைப் போலப் பரபரப்பு. வடமொழியில் அதற்குத் தருணம், சந்தர்ப்பம் என்று பொருள். தருணம் வந்துவிட்டால் ஒருவர் வாய்ப்பு என்று பார்க்கிறார், ஒருவர் தேவை என்று பார்க்கிறார், நாம் ஓடத் தொடங்குகிறோம். ஒரே சொல்லை ஊரார் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டார்கள். கோழியும் எண்ணும் தற்செயலாக ஒத்துப்போனவை, இவையோ கூடப்பிறந்தவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கே: எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுக் கேரளத்தில் சிரிக்கிறார்கள். (எருமப்பட்டி வாசகர்)

ப: மலையாளத்தில் எருமை 'எரும', பட்டி நாய். ஊரைக் கேட்டால் "எருமைநாய்" என்று சொல்பவரைப் பார்த்து யார்தான் சிரிக்கமாட்டார்கள்! ஆனால் நீங்கள் கூச வேண்டியதில்லை. நம் பட்டி, ஆடுமாடு அடைக்கிற இடம். அதைச் சுற்றிக் குடி வளர்ந்து ஊரானது. கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலே பட்டிப் பொங்கல்தான். கொண்டலாம்பட்டி, ஆட்டையாம்பட்டி என்று சேலத்தைச் சுற்றி எத்தனை பட்டிகள்! கர்நாடகத்துக்குப் போனால் பட்டி என்றால் பட்டியல். அங்கே சிரிக்கமாட்டார்கள், "எதன் பட்டி?" என்று கேட்பார்கள்.

கே: "என் சம்சாரம் ஊரில் இருக்கிறது" என்று பாலக்காட்டில் சொன்னால்? (திருச்செங்கோடு ரிக் வண்டித் தொழிலாளி)

ப: "என் பேச்சு ஊரில் இருக்கிறது" என்று புரிந்துகொள்வார்கள். பாதி சரிதான்!

கே: அதே பாலக்காட்டு டீக்கடையில் "வெள்ளம் வேணோ?" என்கிறார்களே? (அதே ரிக் வண்டித் தொழிலாளி)

ப: வாங்கிக் குடியுங்கள், தண்ணீர்தான். மேட்டூர் அணை நிரம்பும்போது நாம் பயந்து சொல்கிற வெள்ளத்தை, அவர்கள் 'வெள்ளப்பொக்கம்' என்று நீட்டிச் சொல்வார்கள்.